பலகையில் இடம் கிடைக்காத பெயர்

எடியே,

நேற்று வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் இருந்து ஒரு தரிப்பு முந்தியே இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது. நம் கோயிலை இடிக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்துதான் இரண்டு கிழமையாக யன்னலுக்கு மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்றபோது நனைந்த சுண்ணாம்பு வாசம் வந்தது. அதற்குள் மெழுகுதிரி, சாம்பிராணி, மாரிகாலப் பூசைகளில் வெப்பமூட்டிக்கு மேலே காயப் போட்ட கம்பளிக் கையுறை, எல்லாம் இருந்தன. எத்தனை வருடப் பூசை அந்தச் சுவரில் ஊறிக் கிடந்ததோ, இப்போது தூசியாக எழும்பித் தெருவில் போகிறது. என் பக்கத்தில் நாயோடு நின்ற ஒரு மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனாள். எனக்குப் பொத்த மனம் வரவில்லை.

உன்னிடம் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக் கேட்ட அந்தக் காரியம் என்னவாயிற்று என்று உனக்கு யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதை இந்த மொன்றியலில் இருந்து தொடங்கினால் சரிவராது. நாம் இருவரும் முதியோர் இல்லத்தில் வேலை செய்த அந்த இங்கிலாந்து ஊரில் இருந்து தொடங்க வேண்டும். கோயில் இல்லாத இடத்தில் கோயிலைத் தேடுகிற பைத்தியம் உனக்கு அங்கேதானே பிடித்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். இல்லத்துச் சுவரில் தொங்கிய நகர வரைபடத்தைப் பார்த்துவிட்டு நீ குதித்த குதி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மரியாள் சந்து, பேதுரு தெரு, மார்ட்டின் தெரு, சகல புனிதர் வீதி என்று கைக்குட்டை அளவு ஊருக்குள் அத்தனை புனிதர்கள். "இது உரோமாபுரி மாதிரியெல்லே கிடக்கு. நல்ல பக்தியான சனம்," என்றாய். நானும் நம்பினேன். நம் ஊர்களில் அந்தோனியார் கோயிலடி என்றால் அங்கே அந்தோனியார் நிற்பார். நிற்காமல் வேறெங்கே போவார்? விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமே நம் இருவருக்கும் வரவில்லை. சேலை உடுத்து, மேலே இரவல் கோட்டுப் போட்டு, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு மாதா கோயில் பூசைக்கென்று வெளிக்கிட்டோம்.

மரியாள் சந்தின் முடிவில் கார் நிறுத்துகிற இடம் இருந்தது. தவறிவிட்டோம் என்று நினைத்துப் பேதுருவிடம் போனோம். அங்கே ஒரு துண்டுப் புல்தரையும், மதிலோடு மதிலாகச் சாய்த்து வைத்த கல்லறைக் கற்களும், இருக்க ஒரு வாங்கும் மட்டும் இருந்தன. மார்ட்டின் இருக்க வேண்டிய இடத்தில் சப்பாத்துக் கடை. மழை தூறத் தொடங்கிவிட்டது. பூசை நேரமும் போய்விட்டது. திரும்பவும் கார் நிறுத்துகிற இடத்துக்கே வந்து நின்று, பத்திரிகையோடு போன ஒரு கிழவரை மறித்து, மாதா கோயில் எங்கே என்று கேட்டாய். அவர் தொப்பியைக் கழற்றினார். "நீங்கள் நிற்கிறதுதான் கோயில், அம்மா. அதை இடித்து நானூறு வருடத்துக்கு மேலே," என்றார்.

நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். "பிந்திப் போனம் எண்டு தெரியும். இவ்வளவு பிந்துமெண்டு தெரியேல்ல," என்று என்னிடம் தமிழில் சொன்னாய். நான் சிரித்த சிரிப்பில் கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆனாலும் அவர் மழைக்குள் நின்று நமக்குக் கதை சொன்னார். ஒரு காலத்தில் அந்தச் சின்ன ஊருக்குள் நாலு தெருவுக்கு ஒரு கோயில் இருந்ததாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பங்குச் சனம், செத்தவர்களை அடக்கத் தனிச் சேமக்காலை. கொள்ளைநோயில் சனம் செத்துத் தெருக்கள் வெறித்தன. பிறகு அரசன் மதத்தையே மாற்றினான். பராமரிக்க ஆளில்லாத கோயில்களை ஒன்றோடு ஒன்று சேர்த்தார்கள். சேர்த்த பிறகு மிஞ்சிய கட்டடங்களின் கூரை ஈயத்தைக் கழற்றி விற்றார்கள். கல்லை எடுத்து ஆற்றுப் பாலத்துக்கும் வீடுகளுக்கும் போட்டார்கள். கிழவர் போன பிறகு நீ ஒரு நீலக் காருக்கும் ஒரு வெள்ளைக் காருக்கும் நடுவில் நின்று, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாய்.

"கார்களுக்குச் செபம் சொல்லுறியோ?" என்று கேட்டேன்.

"காருக்கில்லையடி. அவ தனிய நிக்கிறாவெல்லே."

அப்போது ஒருவர் காரின் கண்ணாடியை இறக்கி, நாங்கள் யாருக்காவது இடம் பிடித்து வைத்திருக்கிறோமா என்று கேட்டார். "ஓம், மாதாவுக்கு," என்று நீ தமிழில் சொல்ல, அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் உன்னுடையவை ஆகிவிட்டன. புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த செங்கல் கோயிலில் உண்மையான பூசை முடிந்ததும், நீ என்னை இல்லாத கோயில் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போவாய். நான் சும்மா வரவில்லை, முறுமுறுத்துக்கொண்டுதான் வந்தேன். கால் உளைகிறது, தேத்தண்ணி வேண்டும், இந்தச் சனமே மறந்துபோனதை உனக்கென்ன என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ காதில் விழுத்தவில்லை. வங்கிக் கட்டடத்தின் பக்கச் சுவரில் கூரை முகடு முட்டியிருந்த ஒரு சாய்ந்த தழும்பை நீதான் முதலில் கண்டாய். அங்கே சாய்ந்து நின்ற கோயில் போய்விட்டது, சாய்ந்த அடையாளம் போகவில்லை. சகல புனிதர் வீதி நேரே வந்து, காரணமே இல்லாமல் அரை வட்டமாக வளைந்து, பிறகு நேரே போகும். நடுவில் பூச்செடிகூட இல்லை. வளைவில் பஸ் திரும்பும்போது பயணிகள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்வார்கள். "பார், இல்லாத கோயிலுக்கு இன்னும் பஸ் விலத்திப் போகுது," என்று நீ சொன்னபோது என் மேல் கொஞ்சம் புல்லரித்தது உண்மை. உன்னிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு இன்னும் தூரம் நடக்க வைத்திருப்பாய்.

ஆனால் உனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அந்தப் பலகைதான். பழையவற்றில் இடிபடாமல் மிஞ்சிய ஒரேயொரு கோயில், அதுவும் நம்முடைய சபை இல்லை, அரசன் மாற்றிய அவர்களுடைய சபை. அதன் வாசலில் கறுப்புப் பலகையில் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது: புனித எலேனா, புனித மரியாளோடும், புனித பேதுருவோடும், புனித மார்ட்டினோடும், சகல புனிதரோடும். ஒரு வரியில் அடங்காமல் மடிந்து மடிந்து போயிருந்தது. லண்டனில் உன் மச்சாள் இருந்த வீட்டு அழைப்பு மணிக்குக் கீழே அகதிக் குடும்பங்களின் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்குமே, அது மாதிரி என்று சொல்லிச் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டாய். "எலேனா நல்ல மனிசி. வீடில்லாதவை எல்லாரையும் கூப்பிட்டு வைச்சிருக்கிறா. வீடில்லாட்டிலும் பேர் கிடக்கு பார். பேர் கிடந்தால் ஆள் கிடக்கு," என்றாய்.

அந்த வருடம் உன் ஊர் போனது. லண்டனில் இருந்து மச்சாள் இல்லத்துத் தொலைபேசிக்கு எடுத்துச் சொன்னாள்: மன்னார்க் கரையில் சண்டையில் உங்கள் ஊர்ச் சனம் முழுக்க ஊரை விட்டு எழும்பிவிட்டது, செபஸ்தியார் கோயில் தரைமட்டம், அந்தப் பக்கம் இனி ஒருவரும் போக முடியாது. நீ ரிசீவரை வைத்துவிட்டு வந்து, பாதியில் விட்ட கஞ்சியை இல்லத்துக் கிழவி ஒருத்திக்குக் கரண்டி கரண்டியாகத் தீத்தி முடித்தாய். வாயைத் துடைத்துவிட்டாய். அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை சகல புனிதர் வீதியின் அந்த வளைவில், நடைபாதை ஓரத்தில் இருந்துகொண்டுதான் வாய் திறந்தாய். உங்கள் கோயிலில் மணிக்கூண்டு கட்டி முடியாததால் மணி பூவரசில் தொங்கியது, கால் கழுவுகிற கிணறு இடது பக்கம், கும்பிடுகிறவர்கள் தொட்டுத் தொட்டுச் சுரூபத்தின் முழங்காலில் வர்ணம் போய்விட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னாய். நான் அன்றைக்கு முறுமுறுக்கவில்லை.

பிறகு நீ கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்தாய். வந்த முதல் மாரியிலேயே எனக்குத் தொலைபேசி எடுத்தாய். வீடு எப்படி, மனிசன் எப்படி என்று ஒன்றும் இல்லை. "எடியே, இஞ்ச செபஸ்தியார் நிக்கிறாரடி. சென்ட் லோரன்டில, எங்கட வீட்டில இருந்து ஒரு பஸ். இந்தக் குளிருக்குள்ள அம்பு தைச்ச உடம்போட சேட்டில்லாமல் நிக்கிறார், பாவம்." உனக்கு அது தற்செயல் இல்லை. அங்கே துரத்தப்பட்டவர் உனக்கு முந்தி இங்கே வந்து இடம் பார்த்து வைத்திருக்கிறார் என்றே கடைசிவரை நம்பினாய். நானும் பின்னால் வந்து சேர்ந்தபோது என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனது அங்கேதான். டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டுகிற வேலையை எனக்கு எடுத்துத் தந்தது அதற்கு அடுத்த நாள்.

தை மாதத் திருநாளில் கொடியேற்றுவோம். ஈரக் கொடி ஏறும்போதே உறைந்து, பறக்காமல் பலகை போல நிற்கும். வெளியே சுற்றினால் ஆள் விறைத்துவிடும் என்று சுரூபம் வைத்த கூடு கோயிலுக்குள்ளேயே சுற்றிவரும். மதாம் லூசி, அந்தக் கோயிலிலேயே ஞானஸ்நானம் எடுத்து அங்கேயே கலியாணமும் கட்டிய அந்தக் கியூபெக் மனிசி, நம் கூட்டுக்கு முன்னால் பூப்போடுவாள். நீ பின்னித் தந்த கழுத்துத் துணியைச் சுரூபத்துக்குச் சுற்றிவிட்டதும் அவள்தான். அந்த நாட்களில் வாங்குகள் நிறைந்திருந்தன என்று நான் பெருப்பித்துச் சொல்ல மாட்டேன். பிரெஞ்சுப் பூசைக்கு வருகிற தலைகள் வருடத்துக்கு வருடம் நரைத்து, பிறகு இல்லாமலே போயின. நம் ஆட்கள் நிறைத்தார்கள். பிறகு நம் ஆட்களும் ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் வீடு வாங்கிப் போனார்கள். பிள்ளைகள் தமிழ்ப் பூசை விளங்கவில்லை என்று நின்றுவிட்டார்கள். கடைசி வாங்குகளுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். கூரை ஒழுகிய இடத்தில் வாளி வைத்தார்கள். அந்தக் கிழவர் மழைக்குள் நின்று சொன்னதெல்லாம் நம் கண்ணுக்கு முன்னால், நம் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. நமக்கு அது விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. வாயால் சொல்லப் பயமாக இருந்தது.

மூன்று பங்குகளைச் சேர்க்கப் போகிறார்கள், நம் கட்டடத்தை விற்கப் போகிறார்கள் என்று அறிவித்த ஞாயிறு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். உனக்குச் சொல்லாமல் விடுவோம் என்றுதான் வந்தேன். நீ என் முகத்தைப் பார்த்துப் பிடித்துவிட்டாய். ஒட்சிசன் குழாயை ஒதுக்கிவிட்டு, என் கையைப் பிடித்தாய். "கட்டடம் போகட்டும். அது எல்லா இடமும் போறதுதான். பேரை விட்டிடாதை. புதுக் கோயில் பலகையில ஒரு மூலையில எண்டாலும் போட வை. அவர் ரெண்டாந்தரம் இல்லாமல் போகக் கூடாது." நான் ஓம் என்றேன். நீ தை மாதத்தில் போனாய். அந்தக் கோயிலில் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போன பெட்டிகளில் உன்னுடையதும் ஒன்று. நிலம் உறைந்து கிடந்ததால் உடனே அடக்க முடியவில்லை. பனி கரையும்வரை சேமக்காலைக் கட்டடத்தில் உன்னைக் காக்க வைத்தார்கள். ஒரு பேரும் ஒரு உடலும் இடமில்லாமல் காத்துக்கொண்டிருந்த மாரி அது. எனக்கு அதைவிடப் பொல்லாத மாரி வரவில்லை.

கூட்டம் கோயிலுக்குக் கீழே இருந்த மண்டபத்தில் நடந்தது. புதுப் பங்குக்குப் புதுப் பேர் தெரிவு செய்து வைத்திருந்தார்கள்: நல்ல மேய்ப்பன். யாருடையதும் இல்லாத பேர், அதனால் யாருக்கும் கோபம் வராது. நான் எழும்பினேன். என் பிரெஞ்சு உனக்குத் தெரியும், தெப்பனர்க் கடையில் பால் வாங்கப் போதுமானது. ஆனாலும் அந்த இங்கிலாந்துப் பலகையைப் பற்றிச் சொன்னேன். எலேனாவைப் பற்றி, மடிந்து மடிந்து போகிற வரியைப் பற்றி. பெரிதாக எழுத வேண்டாம், நல்ல மேய்ப்பனுக்குக் கீழே மூன்று கோயில்களின் பேரையும் சின்னதாகப் போடுங்கள் என்றேன்.

மதாம் லூசி அழுதுகொண்டே என்னை மறுத்துப் பேசினாள். தன் தாய் தகப்பனின் பெட்டிகளும் அந்தக் கோயிலில் இருந்துதான் போயின என்றாள். "ஆனால் மூன்று பேரை எழுதினால் மூன்று கூட்டமாகத்தான் இருப்போம். நான் என் வாங்கில், அவர்கள் தங்கள் வாங்கில். நாங்கள் எல்லாம் சாகும்வரை அப்படியே இருக்கும். ஒரு பேரின் கீழ் போய் இருந்தால்தான் கொஞ்சமாவது மிஞ்சும்," என்றாள். அவளோடு எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் வலித்தது.

எனக்குக் கோபம் வந்தது நம் ஆட்களோடு. நம் குழுவுக்குத் தலைவராக இருந்த அன்ரனி அண்ணை என் கோட்டைப் பிடித்து இழுத்து இருக்கச் சொன்னார். "தங்கச்சி, இதுக்கு ஏன் சண்டை? அவை எங்களுக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்குப் பூசை தாறம் எண்டிட்டினம். நல்ல நேரம். பேரைப் பிடிச்சு இழுத்தால் அதையும் பறிச்சுப் போடுவினம்."

"நேரத்துக்காகப் பேரை விடுறதோ அண்ணை?"

"பேர் பூசை வைக்குமோ? ஆக்கள் வந்து போக நேரம் வேணும். பிள்ளையளுக்கு அடுத்தநாள் பள்ளிக்கூடம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பழைய பேர்கள் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கினேன். திரும்பிப் பார்த்தேன். நம் பக்கத்தில் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக் கூழைக் குடித்தவர்கள், உன் பெட்டியைத் தூக்கியவர்கள். நான் தோற்றுப்போனேன், எடியே. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. புதுக் கோயில் பலகையில் நல்ல மேய்ப்பன் மட்டும் இருக்கிறார். அழகான பலகை. மூலையெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது.

உன் மகள் நத்தலி ஆனி மாதத்தில் எனக்குப் போன் எடுத்தாள். கல்லறைக்குக் கல் வெட்டக் கொடுத்திருக்கிறாள். "ஆன்ரி, அம்மா பிறந்த இடம் எண்டு என்ன போடுறது? நான் போன் மப்பில தேடினன், அந்த ஊர் காட்டேல்ல."

"ஊரைப் போடாதை பிள்ளை. நான் எழுதித் தாறன்."

புனித செபஸ்தியார் கோயில் பங்கைச் சேர்ந்தவர் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. படம் பிடித்துக் கல் வெட்டுகிறவருக்கு அனுப்பினாள். அந்த இத்தாலிக் கிழவர் அதைப் பூவேலை என்று நினைத்து, ஓரம் முழுக்கச் சுற்றி வெட்டவா என்று கேட்டாராம். ஒருதரம் காணும் என்று சொல்ல வைத்தேன். ஓம் என்று விட்டிருக்கலாமோ என்றும் பிறகு நினைத்தேன்.

கல் நாட்டிய பிறகு நானும் அவளும் போய்ப் பார்த்தோம். உன் பேர், உன் வருடங்கள், அதற்குக் கீழே அந்த வரி. நத்தலி எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"எந்தக் கோயில், ஆன்ரி? அம்மான்ர ஊர்க் கோயிலோ, இஞ்சத்தையோ?"

"ரெண்டும் இப்ப இல்லைத்தானே, பிள்ளை."

அவள் கல்லின் மேல் கையை வைத்தாள். பிறகு தன் பாட்டுக்குப் பிரெஞ்சில், அப்படியென்றால் இங்கேதான், என்றாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு ஆறவில்லை. நீ கேட்டது வாசலில் இருக்கிற பலகை, வருகிற போகிறவர்கள் எல்லாரும் வாசிக்கிற இடம். நான் வாங்கித் தந்தது புல்லுக்குள் நிற்கிற ஒரு கல். அதையும் உன் மகளால் வாசிக்க முடியாது.

பின்னேரம் ஐந்து மணிப் பூசைக்குப் போகிறேன். அன்ரனி அண்ணையோடும் கதைக்கிறேன். கதைக்காமல் எத்தனை நாள் இருக்கிறது. ஊரில் இருந்து புதிதாக வந்தவர்கள் யாராவது பூசைக்கு முந்தி என் பக்கத்தில் இருந்து, "ஊரில நீங்கள் எந்தக் கோயில் ஆக்கள்?" என்று கேட்பார்கள். "செபஸ்தியார் கோயில்," என்கிறேன். பொய்தான். நான் யாழ்ப்பாணத்து மாதா கோயில்காரி, உன் ஊர்க் கோயிலை என் வாழ்நாளில் கண்டதும் இல்லை. ஆனால் என் கோயில் இன்னும் நிற்கிறது. அதன் பேரைச் சொல்ல இந்த நகரத்தில் நூறு பேர் இருக்கிறார்கள். உன்னுடையதைச் சொல்ல நான் மட்டும்தான் இருக்கிறேன்.